14. பாலத்தில் நின்ற மாமா

வாராவாரம் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிற உங்களுக்கு நான் எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் போன வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர் "படிச்சுட்டுத் தரேன்" என்று வாங்கிப் போய், இன்னும் படித்துக்கொண்டே இருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்காக நாலு வரி.

அப்பா இந்த ஊரின் பழைய போட்டோக்காரர். பக்கவாதம் வந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. மிச்சம் ஒரே ஒரு சொல், "ஆமா." சாப்பிட்டாச்சா என்றாலும் ஆமா, இன்னும் சாப்பிடவில்லையா என்றாலும் ஆமா. உள்ளே எல்லாச் சொல்லும் இருக்கிறது, வெளியே வர வழிதான் இல்லை என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அம்மா தையல்காரி. ஊரில் பாதி ஆண்களுக்குச் சட்டை தைத்தவள். அவளுடைய ஒரே தம்பி, பிள்ளைகளுக்கு மாமா, அப்பாவின் ஸ்டூடியோவில் உதவியாக இருந்தவர். ஒருநாள் அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, போட்ட சட்டையோடு வெளியே போனவர் திரும்பவில்லை. அதற்கப்புறம் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றின் மேல் பாலம் கட்டித் திறந்த அன்று அப்பா ஒரு படம் எடுத்தார். கழுவிப் பார்த்தால், கூட்டத்தின் ஓரத்தில் மாமா நிற்கிறார். அதைக் கொண்டுவந்து காட்டியதும்தான் அம்மா வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து அந்தப் படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அம்மா எந்த ஊருக்குப் போனாலும் இரவு தங்குவதில்லை. அவன் வரும் நேரம் பார்த்து வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதாம்.

மூத்தவள் நூலகர். நூலக மண்டபத்தில் ஊரின் பழைய படங்களை வைத்து நாளை காலை கண்காட்சி நடத்துவது அவள்தான். அதற்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினால் கீழே வைக்க மாட்டார் என்பதால் ஊரில் அவருக்கு 'மைக்' என்று பெயர். போன வாரம் அவருக்கும் நம் நூலகருக்கும் ஒரு படத்தை வைத்து முட்டிக்கொண்டது. பாலத்தின் மூன்றாம் தூணுக்குத் தோண்டிய பள்ளத்தின் முன்னால், சேறும் சகதியுமாக வேலையாட்கள் நிற்க, அப்பா எடுத்த படம் அது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, இதை யார் பார்ப்பார்கள் என்றார் மைக். அது மட்டும் இல்லை. திறப்பு விழாவுக்கு முந்தைய மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்து ஆட்களைக் கொண்டுபோனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றார் ஒப்பந்தக்காரர். ஊர் வேறு மாதிரி பேசியது. இப்போது எதற்கு அதைக் கிளறுவானேன் என்பது மைக்கின் கட்சி. கடைசியில் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இடம் கிடைத்தது. 'மூன்றாம் தூண் வேலையாட்கள். பெயர்கள் தெரியவில்லை' என்று அடியில் எழுதி ஒட்டியதும் நூலகர்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

காலையில் கடை திறந்த கையோடு மூத்தவளுக்கு அவள் தம்பி போன் செய்தான். சின்னவன் பேனர் கடை வைத்திருக்கிறான், அப்பாவின் ஸ்டூடியோ இருந்த அதே அறையில். உடனே வா, அம்மாவிடம் சொல்லாமல் வா என்றான். கண்காட்சிக்கு முதல் நாள் மெஷின் படுத்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துணிக்கடை முதலாளியின் சிரிப்பு பாதி அச்சாகித் தரைவரை தொங்கியது. அவருக்கு நிஜத்தில் இல்லாத முடி அதில் அடர்த்தியாக இருந்தது. தம்பி சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தான்.

"பாலம் படத்துல மாமா எங்க நிப்பாரு?"

"வலது ஓரம். கைப்பிடிச் சுவர் முடியற இடத்துல."

"இதுல காட்டு."

அவள் பார்த்தாள். கதவளவு பெரிதாகப் போடுவதென்றால் இன்னும் தெளிவாக வேண்டும் என்று, தம்பி பரண்மேல் இருந்த பெட்டிகளைக் கிளறி மூல நெகட்டிவைத் தேடி எடுத்திருந்தான். அதைத்தான் திரையில் ஏற்றியிருந்தான். வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். பாதி விரிந்த குடையோடு ஒருவர் இருந்தார். மூக்கில் விரல் விட்டுக்கொண்டிருக்கிற சிறுமி இருந்தாள். கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் சுவர் மட்டும் இருந்தது.

இது ஒரு நிமிஷம் முன்னால் எடுத்த வேறு படமாக இருக்கும் என்றாள். தம்பியும் முதலில் அப்படித்தான் நினைத்தானாம். ஆனால் குடை இரண்டிலும் அதே பாதி விரிப்பில் நிற்கிறது, நாய் இரண்டிலும் அதே காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாய் அவ்வளவு நேரம் யாருக்காகவும் காத்திருக்காது.

இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்கள் அல்லவா. குடும்பப் படம் எடுக்கிற அன்று வர முடியாமல் போனவர்களை அப்பா பின்னால் சேர்த்துக் கொடுப்பார். வேறு படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டி ஒட்டி, ஓரத்தைத் தூரிகையால் மறைத்து, மறுபடி ஒரு படம் எடுத்துவிடுவார். வெட்டுவது எப்போதும் அம்மாதான். அவள் கை நடுங்காது. இந்த ஊரில் பாதி வீட்டுச் சுவரில் யாராவது ஒருவர் அம்மாவின் கத்தரிக்கோல் வழியாக வந்தவர். வெளிச்சம் எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் அப்பா ஆளையே இடவலமாகத் திருப்பிப் பிரிண்ட் போட்டுக்கொள்வார். வகிடு மாறிவிடுமே என்று அம்மா கேட்டால், வெளிச்சம் சரியாக இருந்தால் வகிட்டை எவன் பார்க்கப் போகிறான் என்பார்.

மூத்தவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு பெண்பிள்ளையை இத்தனை வருஷம் வெறும் காகிதத்தை நம்பிக் காத்திருக்க வைத்தாரே என்று வந்த கோபம். பேசாத பெண்டாட்டியைப் பேச வைக்க அந்த மனுஷனுக்கு வேறு வழி தெரியவில்லை என்று தோன்றியதும் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அழுதாள். தம்பி மெஷினை நிறுத்தினான்.

படத்தை எடுத்துவிடலாமா என்றான். எப்படி எடுப்பது? அழைப்பிதழிலேயே அதுதான். அதைவிட, அந்தப் படத்தின் கீழே ஒரு அறிவிப்பு வைக்க வேண்டும், பார்த்தவர்கள் யாராவது விவரம் சொல்வார்கள் என்று அம்மா கேட்டிருந்தாள். வாழ்க்கையில் பிள்ளைகளிடம் அவள் கேட்ட ஒரே உதவி. கடைசியில், பெரிதாக்குவதற்காக வீட்டுச் சுவரிலிருந்து கடைக்குக் கொண்டுவந்திருந்த பழைய பிரிண்டையே அப்படியே பெரிதாக்கி வைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

"அம்மா இருக்கற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்," என்றாள் அக்கா.

எவ்வளவு பெரிதாக்குகிறோம், யார் பார்க்கப் போகிறாள் என்பதை இரண்டு படித்த மண்டைகளும் யோசிக்கவில்லை.

மத்தியானம் மூத்தவள் படத்தைத் திரும்ப மாட்ட வீட்டுக்குப் போனாள். அம்மா அப்பாவின் நல்ல சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். தனக்குப் புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தாள். ஊரே வருகிற இடத்தில் படத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறாளே.

அம்மா உள்ளே போன சமயம் பார்த்து அவள் அப்பாவின் காதருகே குனிந்தாள். ஒட்டினது நீங்கதானா என்று கேட்டாள். ஆமா என்றார். மாமா நிஜமாவே பாலத்துக்கு வந்தாரா என்று கேட்டாள். அதற்கும் ஆமா என்றார். அவர் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாதம் வந்ததிலிருந்து அந்தக் கண் எப்போதும்தான் வழிகிறது, அதை வைத்தும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அம்மா வந்து அறிவிப்புக்கு அடையாளம் சொல்ல ஆரம்பித்தாள். ஒல்லி, இடது கைக்காரன். சட்டைப் பை வலது பக்கம் இருக்கும், இடது கையால் எடுக்க வசதியாகத் தையல்காரனிடம் கேட்டு மாற்றி வைத்துக்கொண்டிருப்பான், படத்தைப் பார், தெரியும் என்றாள். கட்டைவிரல் உயரத்தில் நிற்கிற ஆளின் சட்டைப் பையைக்கூட அம்மா என்றோ பார்த்து, அதற்கொரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

"கண்ணாடி போட்டிருப்பான்னும் எழுது. முக்கியம் அது."

"மாமா கண்ணாடி போடுவாரா?"

"இங்க இருந்தவரைக்கும் ஏது? எதிர்ல வர்றவனே தெரியாம இடிச்சுக்கிட்டு நடப்பான். படத்துலதான் போட்டிருக்கான். அதுலதான் எனக்குத் தைரியமே. போன எடத்துல யாரோ இவன கவனிச்சு, டாக்டர்கிட்ட காட்டி, கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்காங்க. நல்லபடியாத்தான் இருந்திருக்கான்."

கண்ணாடியை அப்பா தூரிகையால் வரைந்திருப்பார் என்று மூத்தவள் ஒரு நிமிஷம் மனசைத் தேற்றிக்கொண்டாள். பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேல் வைத்தாள். தடித்த கண்ணாடிக்குள் கண் சிறுத்திருந்தது. கன்னத்தின் கோடு கண்ணாடிக்குள் வரும்போது உள்ளே ஒடுங்கி, வெளியே மறுபடி விரிந்தது. அதை யாரும் வரைய மாட்டார்கள். வரைய வேண்டும் என்றே தோன்றாது. அது நிஜக் கண்ணாடி.

அப்படியென்றால், மாமா வீட்டை விட்டுப் போனதற்குப் பிறகு அப்பா அவர் முன்னால் கேமராவோடு நின்றிருக்கிறார். பார்த்திருக்கிறார். பார்த்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கே, எப்போது, ஏன் சொல்லவில்லை என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த ஒரே மனுஷன் எதிரே உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்பதும் சுவரிடம் கேட்பதும் ஒன்றுதான்.

சாயங்காலம் மண்டபத்தில் ஆணி அடிக்கிற சத்தம். மைக் மேடையில் நின்று "ஒன்னு ரெண்டு மூனு" என்று சோதனை செய்துகொண்டிருந்தார். சோதனைக்கே இவ்வளவு நேரம் பேசுகிறவர் நாளைக்கு எப்போது நிறுத்துவாரோ தெரியாது. நுழைந்ததும் எதிர்ச்சுவரில் பாலம் படம், கதவளவு. வாத்தியக்காரர்களின் கன்னம் உப்பியிருப்பதுகூடத் தெரிந்தது. மாமா ஏறக்குறைய ஒரு முழ உயரத்தில் நின்றார்.

தம்பி வாசல் பக்கம் பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தான். அம்மா அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நாளைக்குக் கூட்டத்தில் நாற்காலி இடிபடும், அதனால் இன்றைக்கே ஒருமுறை கண்ணாரப் பார்த்துவிடலாம் என்று வந்தாளாம். காலில் புதுச் செருப்பு. அதை இன்றே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.



அம்மா படத்தின் முன்னால் நின்றாள். முதலில் சிரித்தாள். கிட்டப் போய் மாமாவின் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் அவள் கை மெதுவாகக் கீழே இறங்கி, சட்டையின் நடுவில் நின்றது.

வாழ்நாளெல்லாம் ஆண் சட்டை தைத்தவள் அவள். இடது மடிப்பு மேலே வரும், பொத்தான் வலது பக்கம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். கட்டைவிரல் உயரத்தில் பொத்தான் தெரியாது. முழ உயரத்தில் தெரிந்தது.

"பைய மாத்தித் தெக்கச் சொல்லலாம்," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "பொத்தான எவனும் மாத்தித் தெக்க மாட்டான்."

மூத்தவள் அம்மா என்று கூப்பிட்டாள். அம்மா திரும்பாமலே, உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா என்று கேட்டாள். காலையில்தான் தெரியும் என்று தம்பி சொன்னான்.

"திருப்பிப் போட்டிருக்காரு. இத வெட்டினது நான் இல்ல. காதுகிட்ட எப்படிப் பிசிறு இருக்கு பாரு. அவரே வெட்டியிருக்காரு."

குரலில் கோபம் இல்லை. மற்றவர் தைத்த சட்டையைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது பேசுகிற குரல்தான் அது. பிள்ளைகளுக்கு அதுதான் பயமாக இருந்தது. அம்மா இன்னொரு முறை அண்ணாந்து மாமாவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் பார்வை நின்றது. மத்தியானம் மகள் வந்து நின்ற இடத்துக்கு அவளும் வந்து சேர்ந்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. திரும்பி வந்து அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எங்க பாத்தீங்க அவன?"

"ஆமா," என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சுவரோரமாகப் போனாள். முதல் படம் ரயில் நிலையம். புகைவண்டி புதிதாக வந்த அன்று எடுத்தது. இங்கயா என்று கேட்டாள். ஆமா என்றார். ஒரு கணம் அம்மாவின் முகம் மலர்ந்ததை மூத்தவள் பார்த்தாள். அடுத்த படம் மாவு மில். இங்கயா? ஆமா. சந்தை, ஆமா. தீப்பிடித்து எரிந்த பழைய சினிமாக் கொட்டகை, ஆமா. ஆஸ்பத்திரி, ஆமா. தன் வாழ்நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த ஊர் முழுவதற்கும் அப்பா ஆமா சொல்லிக்கொண்டே வந்தார். மேடையில் மைக் சோதனையை நிறுத்திவிட்டார். அவர் பேச்சைத் தானாக நிறுத்தி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தம்பியால் பொறுக்க முடியவில்லை. "வேணாம்மா. அவரு எல்லாத்துக்கும் அதத்தான் சொல்வாரு."

எனக்குத் தெரியாதா என்றாள் அம்மா. நாற்காலி நிற்கவில்லை. பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், படகுத்துறை என்று போய்க்கொண்டே இருந்தது. புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாள். மூத்தவள் பின்னாலேயே போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிடித்து நிறுத்தவும் முடியவில்லை, ஒதுங்கி நிற்கவும் முடியவில்லை.

கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் கடைசிப் படம். பள்ளத்தின் முன்னால் சேறு பூசிய வேலையாட்கள்.

"இங்கயா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

காதில் விழவில்லையோ என்று அம்மா குனிந்து இன்னொரு முறை கேட்டாள். அப்பாவின் இடது கை சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. உதடு இரண்டும் அழுந்த மூடியிருந்தன. வாதம் வந்த நாளிலிருந்து அந்த வாயை அவர் தானாக மூடி வைத்து மூத்தவள் பார்த்ததில்லை. படத்தின் அடியில் தான் எழுதி ஒட்டிய வரியை அவள் படித்தாள். 'பெயர்கள் தெரியவில்லை.'

அந்தப் பள்ளத்தில் என்ன நடந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவள் படத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். நாற்காலியின் முன்னால் மண்டியிட்டு அவர் முகவாயைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள். "எல்லாத்துக்கும் சொல்றீங்கல்ல. இதுக்கும் ஆமான்னு சொல்லிடுங்க."

அப்பா வாயைத் திறக்கவில்லை.